பெரியத்தையைத் தேடி: பினாங்குப் பத்திரங்களில் எங்கே பார்ப்பது

கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "என் தாத்தாவின் அக்கா பினாங்கில் பிறந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கேயே வாழ்ந்து காலமானார். அப்பா அவரைப் பெரியத்தை என்பார், மற்றவர்களுக்குப் பாப்பா. உண்மையான பெயர் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. லெட்சுமி என்று ஒரு சித்தப்பா சொல்கிறார். ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்தாராம். அப்பாவின் கல்யாணத்துக்கு முன்பே, அதாவது 1974க்கு முன்பே, போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. பிள்ளை குட்டி இல்லாத ஒருவரைப் பற்றி இப்போது ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கும். நான் ஜார்ஜ்டவுனில் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். நிலப் பத்திரம் தேடுவது, இறந்தவர் சொத்துக்கு மனுத் தயாரிப்பது, இதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் கொள்ளுப்பாட்டியைத் தேடுவதைவிடப் பெரியத்தையைத் தேடுவது சுலபம். கல்யாணமான பெண் பாதி வழியில் காணாமல் போய்விடுவாள். அப்பா பெயர் போய்ப் புருஷன் பெயர் வரும், ஊர் மாறும், சில தாள்களில் இன்னாரின் மனைவி என்பதோடு சரி, அவள் பெயரே இருக்காது. பெரியத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறந்த அன்று எந்த இனிஷியலோ அதே இனிஷியல்தான் கண்ணை மூடிய அன்றும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் பெயரிலேயே எழுதப்பட்ட தாள் குறைவாக இருக்கும். தம்பி, தம்பி பெற்ற பிள்ளைகள், வீட்டுக்காரர், கோயில் என்று மற்றவர்களுடைய தாள்களின் ஓரத்தில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். ஆகவே குடும்பத்தில் இருக்கிற பழைய காகிதங்களை எல்லாம் இன்னொரு தடவை படிக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை ஓரங்களைப் படியுங்கள்.

முதலில் இறப்பு. பிறப்பிலிருந்து தொடங்கினால் பெயரும் தெரியாது, வருஷமும் தெரியாது, கடலில் ஊசி தேடுவதுதான். இறப்பைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள். 'எந்த வருஷம் செத்தார்' என்று கேட்காதீர்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. '1969 மே கலவரத்தில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது வீட்டில் இருந்தாரா? மனிதன் நிலாவில் இறங்கியதை ரேடியோவில் கேட்டாரா? உங்கள் பெரிய பரீட்சைக்கு யார் விடிகாலையில் எழுப்பினார்கள்?' என்று கேளுங்கள். நாலு பேரிடம் இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடலாம். கருமாதி எந்த மாதம் நடந்தது, மழையா வெயிலா, தைப்பூசத்துக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக ஞாபகம் இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவுகள் இப்போது ஜேபிஎன் எனப்படும் தேசியப் பதிவிலாகாவிடம் இருக்கின்றன. பினாங்கு நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் ஒன்றாக இருந்ததால், 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பதிவு தொடங்கிவிட்டது. கவுண்டருக்குப் போகும்போது உங்கள் ஐசி (அடையாள அட்டை), அப்பாவின் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் இறப்புப் பத்திரம் மூன்றின் நகலையும் எடுத்துப் போங்கள். உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதை வாயால் விளக்குவதைவிடத் தாளை வரிசையாக அடுக்கிக் காட்டுவது நல்லது. 'அத்தைப் பாட்டி' என்றால் நமக்கு ஒரு நொடியில் புரியும், மலாயில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இறப்புத் தாள் கையில் வந்தால், நோயின் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். வயது, தொழில், முகவரி, ஐசி நம்பர், தகவல் கொடுத்தவர் யார், எல்லாம் வேண்டும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர்களுக்கு வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுவிடுவார்கள், ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஐசி நம்பர் பொக்கிஷம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1948இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அன்றைக்குப் பெரியத்தையும் வரிசையில் நின்று போட்டோவும் கைரேகையும் கொடுத்திருப்பார். பெயரை ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி எழுதும், நம்பரில் அந்தக் குழப்பம் குறைவு.

சரி, பெயர். நம் ஊரில் ஆயிரம் குடும்பம் இதில்தான் தடுக்கி விழுகிறது. லெட்சுமி என்று சித்தப்பா சொல்கிறார். நல்லது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவர் சீனராகவோ யூரேசியராகவோ மலையாளிக் கிராணியாகவோ இருந்திருக்கலாம், காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இந்தியாவில் எழுதுவதுபோல் எல்-ஏ-கே என்று ஆரம்பிக்காமல், மலேசியாவில் எல்-இ-டி-சி-எச் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். முடிவில் ஒய், ஐ, இரட்டை இ மூன்றும் வரும். அது தனலெட்சுமியா, முத்துலெட்சுமியா, விஜயலெட்சுமியா? அகரவரிசை அட்டவணையில் முன்பாதி வேறு இடத்துக்குப் போய்விடும். 'அம்மாள்' என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து முதலில் போட்டவர்களும் உண்டு. தகப்பனார் பெயரோடு பிள்ளை, முதலியார் என்று ஒட்டியிருந்தால் அதன் கீழும் பாருங்கள். 'ஆ பெ' அடையாளம், அதாவது அனாக் பெரெம்புவான் (மகள்), பின்னால் வந்தது. பழைய ஆங்கிலத் தாள்களில் 'டாட்டர் ஆஃப்' என்பதன் சுருக்கம் இருக்கும். வாய்ப்புள்ள எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தேடிவிட்டு அடித்துவிடுங்கள். என் குடும்பத்துப் பெயர் ஒன்றுக்குப் பதினான்கு வந்தது.

இனி, மற்றவர் தாளின் ஓரம் என்று சொன்னேனே, அதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன்.

என் அம்மாவின் சின்னம்மா, எனக்குச் சின்னப் பாட்டி. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: தைப்பார், கோபக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது, அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் போய்ப் பல வருஷம் கழித்து, மாமாவின் ஓய்வூதிய விஷயமாக அவருடைய சுராட் பெரானாக்கை, அதாவது பிறப்புப் பத்திரத்தை, தேடி எடுத்தோம். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். வருஷம் 2603 என்று போட்டிருந்தது. ஜப்பானியக் கணக்கில் 2603 என்றால் 1943. இப்படி 2602இலிருந்து 2605 வரை எண் வந்தால் தாள் தப்பு என்று நினைக்க வேண்டாம், 660ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் தகவல் கொடுத்தவர் கட்டத்தில் சின்னப் பாட்டியின் பெயர். உறவு: தாயின் தங்கை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை என்று குறித்திருந்தார்கள். அப்புறம் அதே காலத்தில் பிறந்த மற்ற இரண்டு பிள்ளைகளின் தாள்களையும் பார்த்தேன். அவையும் அப்படியே. தாத்தா எங்கே போயிருந்தார் என்று அம்மாவைக் கேட்டேன். 'அவர் கெடாவில் நெல் தேடி அலைந்துகொண்டிருந்தார், வீட்டில் ஆம்பிளை யாரு' என்றார். பிள்ளைகளைப் பதியப் பெண்பிள்ளை ஒருத்தி தனியாக அந்தக் காலத்துத் தெருவில் நடந்து போயிருக்கிறாள், மூன்று தடவை. அதை அதுவரை யாரும் வாயால் சொன்னதில்லை.

இரண்டாவது தாள் என் ஆபீஸ் வேலையில் கிடைத்தது. நாங்கள் வளர்ந்த வீட்டின் பழைய அடமானப் பத்திரம், 1951ஆம் வருஷத்தது. கடன் வாங்கியவர் தாத்தா. கடன் கொடுத்தவர் பெயரைப் பார்த்ததும் ஆபீஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். சின்னப் பாட்டி. ஆங்கிலத்தில் பெயரை எழுதிப் பக்கத்தில் 'ஸ்பின்ஸ்டர்', அதாவது கல்யாணமாகாதவள், என்று ஒரு சொல். அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவர் என்கிறோமே, வீடு முழுகாமல் இருந்ததே அவர் தைத்துச் சேர்த்த காசில்தான். இன்னும் ஒன்று. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், விவரம் தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிய வரிக்கு மேலே, கைநாட்டு இல்லை. தமிழில் கையெழுத்து. எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல், பெரிசு பெரிசாக.

1943இல் ரேகை, 1951இல் கையெழுத்து. நடுவே எட்டு வருஷத்தில் எங்கே படித்தார்? அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். 'நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விடும் சின்னம்மா. அதுக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்' என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

'ஸ்பின்ஸ்டர்' என்ற அந்தச் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பினாங்குப் பத்திரங்களில் ஆணுக்குத் தொழிலைப் போடுவார்கள், பெண்ணுக்குக் கல்யாண நிலையைப் போடுவார்கள். கேட்கச் சகிக்காத வழக்கம்தான், ஆனால் தேடுகிறவனுக்கு அது வசதி. ஒரே பெயரில் நாலு பெண்கள் அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு சொல் பிரித்துக் கொடுத்துவிடும். 1966 ஜனவரி 1இல் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் பினாங்கிலும் மலாக்காவிலும் நிலம் பத்திரப் பதிவு முறையில்தான் கைமாறியது. பிறகுதான் நாம் இன்று கிராண்ட் என்று சொல்கிற பட்டா முறை. இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தாத்தாவின் பெயரில் தேடி, அந்தப் பத்திரங்களில் சாட்சி, கடன் கொடுத்தவர், கூட்டு உரிமையாளர் என்று யார் வருகிறார் எனப் பாருங்கள்.

அடுத்தது, கசப்பான விஷயம் ஒன்று. 'கல்யாணம் ஆகவில்லை' என்பதைச் சொன்னது யார்? குடும்பம். குடும்பம் சொல்வதெல்லாம் சாட்சியமாகாது. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர்களையும், புருஷன் ஊருக்குப் போய்த் திரும்பாதவர்களையும், குடும்பம் ஏற்காத ஒருவரோடு கொஞ்ச காலம் வாழ்ந்தவர்களையும்கூட ஓர் தலைமுறை தள்ளி 'கல்யாணமே ஆகவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணப் பதிவு இல்லை என்பதையும் ஆதாரமாக எடுக்க முடியாது. 1976ஆம் ஆண்டுக் கல்யாண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தபிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டினால் கல்யாணம்தான், தாள் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழுத்தில் என்ன, காலில் மெட்டி உண்டா, நெற்றியில் என்ன. வெள்ளைச் சேலை என்றால் உடனே விதவை என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆசிரியைகளும் மருத்துவச்சிகளும் வெள்ளை கட்டியிருக்கிறார்கள்.

அதேபோல் 'ஊருக்குப் போய்விட்டார்' என்ற பேச்சு. சில வீடுகளில் அதற்குத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார் என்று அர்த்தம். சில வீடுகளில் வேறு அர்த்தம். தொழுநோய் வந்தவர்களைப் பிரித்து வைத்த இடமாகப் புலாவ் ஜெரஜாக் தீவு பல தலைமுறைக்கு இருந்தது, 1969இல்தான் அது சிறையாக மாறியது. சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் திறந்தது. மனநோய்க்குத் தஞ்சோங் ரம்புத்தான், 1911 முதல். அந்த ஊர்ப் பெயரை நாம் கிண்டலுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் எத்தனையோ குடும்பங்களில் ஓர் அத்தையோ சித்தியோ அங்கே இருந்திருக்கிறார்கள். போட்டோக்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் பத்துப் பதினைந்து வருஷம் ஒருவர் திடீரென்று வராமல் போனால், இந்த வழியையும் மனதில் வையுங்கள். இதைப் பெரியவர்களிடம் கேட்கும்போது நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தனியாக, தேத்தண்ணி ஆறும் வரை உட்கார்ந்து கேளுங்கள்.

வேலைக்கு வருவோம். ஆஸ்பத்திரியா பள்ளிக்கூடமா என்ற சந்தேகம் தீர்க்கக்கூடியதுதான். ஆசிரியையாக இருந்திருந்தால்: நீரிணைக் குடியேற்றங்களில் 1920ஆம் ஆண்டுப் பள்ளிகள் பதிவுச் சட்டத்தின்படி பள்ளியும் ஆசிரியர்களும் பதிய வேண்டியிருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்திருந்தால் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையின் தேர்ச்சிப் பட்டியல் பேப்பரில் பள்ளிவாரியாக வந்திருக்கும். பினாங்கில் பெண் பிள்ளைகளுக்கு லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் 1852இல் தொடங்கியது, இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மருத்துவச்சியாக இருந்திருந்தால் உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் அரசாங்க கெஜட்டில் அச்சாகியிருக்கும். தாதியாக இருந்திருந்தால் 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தாதியர் பதிவேடு உண்டு. உங்கள் போட்டோவில் இடது மார்புப் பக்கம் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் முதலில் தேடுவேன், கையில் நாடி பிடிக்கிறவர்கள் அணிவது அது. அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் இருந்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தம்பிகளைப் படிக்க வைக்க ஒரு சம்பளம் வேண்டும் என்றால், அக்காவின் கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றுவிடும்.

பேப்பர்களைப் பார்க்க சிங்கப்பூருக்குப் போக வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன, பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ உட்பட. தமிழ் முரசும் அங்கே உண்டு, 1935இல் தொடங்கிய பேப்பர். ஆங்கிலப் பேப்பரில் நம் பெயர்களை இயந்திரம் தப்புத் தப்பாகப் படித்து வைத்திருக்கும், ஆகவே பெயரைப் போட்டுத் தேடி எதுவும் வரவில்லை என்றால் பள்ளிப் பெயர், தெருப் பெயர் போட்டுத் தேடுங்கள். தமிழ்ப் பேப்பருக்குத் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் தேடும்போது தமிழ் நேசனையும் மறக்காதீர்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 ஜனவரி வரை வந்தது. நினைவஞ்சலிக்குக் கீழே 'இங்ஙனம்' என்று பத்துப் பெயர் போடுவார்களே, அது ஓர் குடும்ப மரம்.

இப்போது நான் மிகவும் நம்புகிற இடம்: சொத்துக் கோப்பு. பிள்ளை இல்லாதவருக்குக் கோப்பு இருக்காது என்று பலர் இங்கே தேடுவதே இல்லை. நடப்பது தலைகீழ். புருஷனும் பிள்ளைகளும் உள்ளவர் உயில் எழுதாமல் இறந்தால் பெரும்பாலும் நாலைந்து பெயரோடு மனு முடிந்துவிடும். கல்யாணமாகாதவர் அப்படி இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி, பெற்றோரும் இல்லாவிட்டால் சொத்து உடன்பிறந்தவர்களுக்கு. அவர்களில் யாராவது முன்பே இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு. எனவே மனுவில் உடன்பிறந்தவர் அத்தனை பேர், இறந்தவர் யார், எப்போது, அவர்கள் பிள்ளைகள் யார், வயது என்ன, எங்கே இருக்கிறார்கள், எல்லாம் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு மனுவுக்கு நான் தட்டெழுதிய பட்டியலில் இருபத்துமூன்று பெயர் வந்தது, அதில் இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் ரங்கூன் போய்த் திரும்பாதவர். பெயர் விட்டுப்போனால் பங்கு போய்விடும் என்பதால், சண்டையில் பேச்சுவார்த்தை நின்ற உறவுகள்கூட அன்றைக்கு வந்து தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிலமோ வீடோ சிறிய மதிப்பில் இருந்திருந்தால் 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி நில அலுவலகத்தில் விசாரணை நடந்திருக்கும், 'பாரம் ஏ' என்று மனு இருக்கும். பெரிய சொத்து என்றால் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் உயர்நீதிமன்றம். நிலம் இல்லாமல் வங்கிக் காசு மட்டும் என்றால் அப்போது அரசாங்க நிர்வாகி அதைப் பார்த்துக்கொள்வார், இன்றைக்கு அமானா ராயா. அவர் 1951க்குப் பிறகு தனியார் சம்பளத்தில் இருந்திருந்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு இருக்கலாம், அதில் யாரை நியமித்தார் என்பதே ஒரு செய்தி. யாரும் கேட்காத பழைய காசு உரிமை கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும், அதை ஈகுமிஸ் தளத்தில் தேடலாம். நூறு வெள்ளி இருந்தாலே அதிகம், அதற்காக யாரும் கடன் வாங்கிவிடாதீர்கள். ஆனால் எந்த வங்கி என்று தெரிந்தால் எந்தத் தெருவில் நடமாடினார் என்று தெரியும்.

வீட்டைப் பற்றி ஒன்று. ஜார்ஜ்டவுனில் பழைய வீடுகள் பல வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்தவை. அந்தச் சட்டம் 2000ஆம் ஆண்டு ஜனவரியோடு ஒழிந்தபோது தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் அள்ளி முடித்துக்கொண்டு போனார்கள். அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடைபாதையில், குவித்த பெட்டிகளில் வாடகைப் புத்தகம், ரசீது, கடிதம் எல்லாம் குப்பை லாரிக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் யார் அந்த வீட்டை விட்டுக் கடைசியாக வெளியேறினார்களோ அவரைத்தான் கேட்க வேண்டும், மூத்தவரை அல்ல. பெட்டியைத் தூக்கியவர்தான் பெட்டியைத் தூக்கி எறிந்தாரா இல்லையா என்று சொல்வார். முகவரி பழைய பெயரில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்: வெஸ்டர்ன் ரோடு இப்போது ஜாலான் உத்தாமா, பிட் ஸ்ட்ரீட் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். 'தண்ணிமலைப் பக்கம்' என்று யாராவது சொன்னால் அது வாட்டர்ஃபால்.

கோயிலைப் பொறுத்தவரை, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலோ தண்ணிமலைக் கோயிலோ, அல்லது அவர் போன சின்னக் கோயிலோ, உபயதாரர் கல்லையும் கும்பாபிஷேக மலரையும் பாருங்கள். ஆண்கள் பெயருக்கு நடுவில் ஒரு பெண் தன் பெயரிலேயே உபயம் எழுதியிருந்தால் அவர் சொந்தக் காசு உள்ளவர். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பினாங்கு ரோட்டில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் தமிழர் பங்காக இருந்தது. ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் நடந்த கல்யாணத்தையும், மடத்தில் சேர்ந்ததையும் குறிப்பது வழக்கம். ஓரம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு பதில். மற்ற பிள்ளைகளின் பதிவுகளில் ஞானத்தாய் யார் என்றும் பாருங்கள், கல்யாணமாகாத அத்தைகளை அங்கேதான் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்.

தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் ஓடிய ரஜூலா கப்பலின் பயணிப் பட்டியலைத் தேட வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவர் பினாங்கிலேயே பிறந்தவர் என்றால் அவசரமில்லை. நாகப்பட்டினம் போய் வந்தார் என்றால், அந்தப் பயணத் தாள் ஏதாவது வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தாரா என்றும் ஒருவர் கிளப்பிவிடுவார். 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தது உண்மை. அதைவிட அதிகமான குடும்பங்கள் தங்கள் அத்தை அதில் இருந்ததாகச் சொல்லிக்கொள்வதும் உண்மை. உடுப்பு, போட்டோ, கூட இருந்தவர் பெயர், இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் நான் அதை எழுதிக்கொள்ள மாட்டேன்.

இப்போதைக்கு எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம். முதலில் அப்பாவின் சுராட் பெரானாக்கை எடுங்கள். போட்டோஸ்டாட் வேண்டாம், மூலத்தாள். பிறகு சித்தப்பாவின் தாள், மற்ற அத்தைமார் தாள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பித் தகவல் கொடுத்தவர் கட்டத்தை மட்டும் வாசித்துக்கொண்டே போங்கள். 'லெட்சுமி' என்று சித்தப்பா சொன்னது சரியா, அதற்கு முன்னால் என்ன எழுத்து, எந்தத் தெரு, கையெழுத்தா கைநாட்டா என்பது அங்கே தெரிந்துவிட்டால், அந்த எழுத்துக்கூட்டலை அப்படியே எழுதிக்கொண்டு ஜேபிஎன் கவுண்டருக்குப் போகலாம்.